இடுப்பில் இருந்த வௌவால்

வௌவால் கத்துவதைக் கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. அதுவும் நம் காதுக்கு எட்டாத கத்தலாம். கேட்காத சத்தத்தைக் கேட்க ஒரு பெண் திண்டுக்கல்லிலிருந்து மெல்பர்ன் வரை போகவேண்டுமா?

அந்தப் பெண் தம்பி மகள் அபிநயா. அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியப் போகிறது, நீட்டிப்பார்களா என்று தெரியவில்லை, நீட்டிக்காவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று தம்பி என்னை அனுப்பினான். அவனே போகாததற்குக் காரணம், மகளோடு பேசப் பயம். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. நான் கல்யாண மண்டபம் நடத்துகிறவள். சமையல்காரர், மேளக்காரர், மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேரையும் ஒரே காலையில் சமாளிக்கிறவளுக்கு ஆஸ்திரேலியா ஒரு பொருட்டில்லை. தவிர, எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மறைப்பானேன். அபி ஊர் திரும்பினால் மண்டபத்தை அவள் தலையில் கட்டிவிடலாம்.

முதலில் சிட்னி. கெல்லிவில்லில் அபியின் அண்ணன் கார்த்திக் வீடு. வீடு பெரிது, தெரு சுத்தம், ஆள் நடமாட்டம் இல்லை. கெல்லிவில்லில் மனிதர்களைப் பார்க்கவேண்டுமென்றால் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் நாளில்தான் பார்க்கலாம். அன்றைக்கும் கையசைப்பார்கள், பேசமாட்டார்கள். தோசை நன்றாக இருந்தது. மாவு கடையில் வாங்கியது என்று கார்த்திக் மனைவி சந்தியா சொன்னதும் கொஞ்சம் சுமாராகிவிட்டது.

என் இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து இருக்கும். மண்டபத்துச் சாவிகள். பாத்திர அறை, அரிசி அறை, மாப்பிள்ளை அறை, ஜெனரேட்டர் அறை என்று எல்லாவற்றுக்கும் திண்டுக்கல் பூட்டு. மேனேஜர் செல்வத்திடம் டூப்ளிகேட் கொடுத்துவிட்டு அசலை எடுத்துவந்திருந்தேன். டூப்ளிகேட்டால் திறக்கிற அறையை அசலை வைத்துக்கொண்டு எப்படிக் காவல் காப்பீர்கள் என்று கேட்காதீர்கள். இடுப்பில் அது இல்லாமல் எனக்கு நடை வராது.

"அத்தை, அதைக் கழட்டி வைங்களேன். இங்க யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் சந்தியா.

"எடுக்க மாட்டாங்கன்னு நான் எப்ப நம்பியிருக்கேன்?"

அவள் மகள், ஏழு வயதுக்காரி, என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். சந்தியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் விடவில்லை, கேட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் இப்படித்தான் கழுத்தில் மணி கட்டியிருக்கிறார்களாம். அது வருவது தெரிந்து குருவிகள் தப்பித்துக்கொள்ளுமாம்.

மறுநாள் மலை பார்க்க ரயிலில் கூட்டிப்போனார்கள். நாங்கள் ஏறியது பேசக்கூடாத பெட்டி. இந்த ஊர் ரயிலில் அப்படி ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எனக்குத் தெரியாது. செல்வம் கூப்பிட்டான், பேசினேன். எதிரில் இருந்த அம்மாள் சுவரில் ஒட்டியிருந்ததை விரலால் காட்டினாள். சரி என்று போனை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தைச் சரிசெய்தேன். அதற்கும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மலை அழகாக இருந்தது. பேசாமல் வந்த கோபத்தில் பாதியைத்தான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பாரமட்டாவில் ஆற்றோரப் பூங்கா. அங்கே மரம் நிறையப் பழந்தின்னி வௌவால்கள், புளியமரத்தில் காய் தொங்குவது போல. என்ன இரைச்சல், என்ன சண்டை! ஒன்று இடம் கேட்கிறது, ஒன்று தரமாட்டேன் என்கிறது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி தன் கணவரிடம், "பார், உன் குடும்பம் கிறிஸ்துமஸுக்குக் கூடினது மாதிரியே இருக்கிறது" என்றாளாம். கார்த்திக்தான் மொழிபெயர்த்தான். அந்தக் கிழவியை எனக்குப் பிடித்துவிட்டது.

அபிக்குப் போன் போட்டேன். "உன் வவ்வாலைப் பாத்தாச்சு. காது கிழியுது. இதைக் கேக்கவா உனக்கு மிஷினு?"

"ஐயோ அத்தை, அது வேற ஜாதி. அது கண்ணால பாத்துப் பறக்கும். என்னோடது உங்க கட்டைவிரல் சைஸ். அது கத்துறது உங்களுக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்காம யாருடி கத்துறது?"

சிட்னி விமான நிலையத்தில் சாவிக்கொத்து தனித் தட்டில் பயணம் செய்தது. சோதனைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, "எத்தனை வீடு அம்மா உங்களுக்கு?" என்றார். "ஒன்றுதான், ஆனால் திருடர்கள் அதிகம்" என்று கார்த்திக்கைச் சொல்லச் சொன்னேன். அவன் வேறு எதையோ சொல்லிச் சமாளித்தான்.

மெல்பர்னில் அபி குடியிருப்பது ட்ருகனினாவில். ஒரு பக்கம் வானத்தை மறைக்கும் கிடங்குகள், மறுபக்கம் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். அபி வாடகைக்கு இருக்கும் வீடு யாழ்ப்பாணத்துக்காரர்களுடையது. யோகம் அன்ரி, சிவம் அங்கிள். பின்பக்கம் ஓர் ஓடை, ஓடைக்கரையில் கிழட்டு யூகலிப்டஸ் மரம். அந்த மரத்தில் வௌவால் குடியிருக்க ஒரு மரப்பெட்டியை அபி உயரத்தில் கட்டியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு பச்சை டப்பா. அதுதான் கத்தலைப் பதிவு செய்யும் கருவி.

"அத்தை, இந்த டப்பாவைத் தொடாதீங்க" என்று வந்தவுடனே சொல்லிவிட்டாள். நான் தொடவில்லை. கடைசிவரை தொடவே இல்லை. இதை எல்லோரும் கவனத்தில் வைக்கவேண்டும்.

யோகம் அன்ரி என்னைப் பார்த்ததும், "வாங்கோ அக்கா, கதிரையில இருங்கோ, சாப்பிட்டுக் கதைப்பம்" என்று குசினிக்குள் போனார். கதிரை என்றால் நாற்காலி, குசினி என்றால் அடுக்களை. இடியாப்பமும் சொதியும் வந்தன. தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு வெதுவெதுப்பாக ஒரு திரவம்.

"சாம்பார் இல்லையா?" என்றேன்.

"சாம்பாரோ? இடியப்பத்துக்கோ?" அன்ரி என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் சொதியை டம்ளரில் வாங்கிக் குடித்தேன். அதை அவர் வீதியிலுள்ள தமிழர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

சாப்பிடும்போது அபியை விசாரித்தேன். "சரி, என்னதான் கண்டுபிடிக்கிற?"

"இருட்டுல வழி தெரியத்தான் அது கத்துது அத்தை. சத்தம் பூச்சி மேல, மரத்து மேல பட்டுத் திரும்பி வரும். அதை வச்சு எது எங்க இருக்குன்னு கண்டுக்கும்."

"இது பள்ளிக்கூடத்துலயே இருக்கு."

"இருங்க. அது தனக்காகத்தான் கத்துது. ஆனா பக்கத்துல பறக்குறதுக்கும் அது காதுல விழுதுல்ல? இது நம்ம கூட்டமா, வெளியாளான்னு அந்தச் சத்தத்துலயே சில வவ்வால் தெரிஞ்சுக்குது. ஆணா பெண்ணான்னுகூட. பூச்சி கிட்ட போகும்போது கத்தல் சரசரன்னு நெருங்கும். அதைக் கேட்டு மத்ததும் அங்க பாயும். யாரும் யாரையும் கூப்பிடல. ஆனா சேதி போயிடுது. இந்தப் பெட்டி வவ்வாலுங்களும் அப்படிச் செய்யுதான்னுதான் பாக்குறேன்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. "பந்தி ஷட்டர்" என்றேன்.

"என்னது?"

"சாப்பாட்டு ஹால் ஷட்டரைத் தூக்குறது கதவு திறக்கத்தான். மைக்ல யாரும் சொல்றதில்ல. ஆனா அந்தச் சத்தம் கேட்டதும் தாலி கட்டுறதைப் பாத்துக்கிட்டிருந்தவன்கூட எந்திரிச்சு ஓடுறான்ல?"

அபி இடியாப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அத்தை, இதை மீட்டிங்ல சொல்லிக்கவா?"

வெள்ளிக்கிழமை மீட்டிங். அவளுடைய பேராசிரியை ஹெலனிடம் இதுவரை செய்ததைக் காட்டவேண்டும். அதை வைத்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வேண்டாமா என்று முடிவாகும். நீட்டிக்காவிட்டால் விசாவும் இல்லை. அபி அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, சொதிகூட.

என் அன்றாடம் இப்படிப் போனது. காலையில் அன்ரியோடு வாய்ச்சண்டை. மதியம் அங்கிளோடு காய்கறிக் கடை. சாயங்காலம், இங்கே இருட்டத் தொடங்கும்போது நம் ஊரில் மதியப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். அதுதான் திருட்டு நடக்கும் நேரம். வீட்டுக்குள் நான் போனில் பேசினால் அங்கிள் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார். அதனால் ஓடைக்கரை மரத்தடிக்குப் போய்விடுவேன். அபி அந்த நேரம் வேறு வேறு ஓடைகளில் டப்பா பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள்.

ஒவ்வொரு சாவியாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே செல்வத்தைக் கேட்பேன். இது பாத்திர அறை: "அண்டா எல்லாம் உள்ள போயிருச்சா?" அடுத்தது அரிசி அறை: "மிச்ச மூட்டை எங்க?" அடுத்தது மாப்பிள்ளை அறை: "ஏசியை அமத்துனியா, இல்ல நீ படுத்திருக்கியா?" ஜெபமாலை உருட்டுவது போலத்தான். ஒரு சுற்று முடிந்தால் மனது நிம்மதியாகிவிடும். அத்தனை சாயங்காலம் மரத்தடியில் நின்றும் ஒரு வௌவாலையாவது பார்த்தேனா? இல்லை. பெட்டியில் ஒன்றுமே இல்லை, இந்தப் பெண் ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அபி ஒருநாள் காலையில் துள்ளிக்கொண்டு வந்தாள். "அத்தை, புதுசா ஒண்ணு கெடச்சிருக்கு! பெட்டியை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னால ஏதோ பேசிக்குது. டிக், நிறுத்தம், டிக், நிறுத்தம். தினமும் அதே நேரம். கிளம்பலாமா வேண்டாமான்னு ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்குது போல. இந்த மாதிரி யாரும் சொன்னதே இல்ல!"

கணினியில் கோடு கோடாகக் காட்டினாள். எனக்கு அது மழை பெய்தது போலத் தெரிந்தது. நல்லது என்றேன். அவள் அன்றைக்கே ஹெலனுக்கும் எழுதிவிட்டாள். மண்டபம் கைநழுவுகிறது என்று மனசுக்குள் ஒரு சின்ன எரிச்சல். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எரிச்சல்பட எனக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அன்ரியும் அங்கிளும் என்னைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மெல்பர்னின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. வழியில் பாதை தவறி ஒரு குதிரைப் பண்ணைக்குள் போய்விட்டோம். அங்கிள் இறங்கி வழி கேட்க, பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே, "கோயில்தானே? வாரம் ஒருவராவது இங்கே வந்துதான் போகிறார்கள்" என்றாராம். சிவனும் விஷ்ணுவும் ஒரே கூரையில் இருந்தார்கள். மணிச்சத்தம் கேட்டு எனக்கு உயிர் வந்தது. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.

"நேத்து அது ஒண்ணுமே பேசல அத்தை" என்றாள் அபி மறுநாள். "ஆனா சீக்கிரமே கிளம்பிடுச்சுங்க. ஏன்னு புரியல. இன்னைக்கு நானே நின்னு கேக்கப்போறேன். நீங்களும் வாங்க."

கையில் ஒரு சின்ன கருவி கொண்டுவந்தாள். வௌவால் கத்தலை நம் காதுக்கு எட்டும்படி இறக்கித் தருமாம். அங்கிளும் அன்ரியும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். கருவி சும்மா இருந்தது. நான் கடைசியாகச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தேன். கருவி படபடவென்று பொரிய ஆரம்பித்தது.

"வந்துருச்சு!" அபி மேலே பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. நான் நின்றேன், கருவியும் நின்றது. ஓர் அடி வைத்தேன், பொரிந்தது.

சிவம் அங்கிள் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, வௌவால் மரத்தில இல்லை. அக்காட இடுப்பில இருக்கு."

அபி என் பக்கம் திரும்பினாள். "அத்தை... சாயங்காலம் இங்க வந்து என்ன செய்வீங்க?"

"செல்வத்துக்குப் போன் பண்ணுவேன்."

"சாவியை?"

தட்டிக் காட்டினேன். டிக். நிறுத்தம். டிக். நிறுத்தம்.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சாவிக்கொத்தை ஆட்டுனா எப்படி வரும்னு எனக்குத் தெரியும். கலகலன்னு கொட்டும். இப்படி ஒவ்வொரு சாவியா விசாரணை நடத்துறது யாருக்குத் தெரியும்?"

"அப்ப நான் கத்துனதும் அதுல இருக்குமே. அதைக் கேட்டாவது தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

"மனுசக் குரலை அந்த டப்பா எடுக்காது. உயரச் சத்தம் மட்டும்தான் எடுக்கும்."

இதுதான் எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. சாவி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"ஒருத்தருக்கும் சொல்லாமல் விடு பிள்ளை" என்றார் அங்கிள். "இனி அவை கதைக்கிறதை நிப்பாட்டிட்டினம் எண்டு சொல்லு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று அன்ரி அவரை அதட்டினார்.

எனக்கு மண்டபம் ஞாபகம் வந்தது உண்மை. நாளை மறுநாள் மீட்டிங். இது கெட்டால் அபி திண்டுக்கல் வருவாள். நான் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் புல்லில் உட்கார்ந்திருந்தவள், "இல்ல அங்கிள், சொல்லித்தான் ஆகணும்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அப்படிச் சொல்கிறவளை ஊருக்கு இழுத்துக்கொண்டு போய் அண்டா எண்ண வைப்பதா?

"நானும் வர்றேன். சத்தம் போட்டவ நான்தானே" என்றேன்.

"நீங்க வந்தா சண்டை போடுவீங்க."

"மாட்டேன்."

"சத்தியமா?"

"அந்தம்மா எப்படிப் பேசுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். தண்டவாளத்தில் வேலையாம். அந்த பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்று, நிறுத்தமே இல்லாத இடத்திலும் நின்றது. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஹெலன் நெட்டையான அம்மாள், சேற்று பூட்ஸோடு நாற்காலியில் இருந்தார். அபி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நான் சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

ஹெலன் சிரிக்கவில்லை. ஒரு சாவியைத் தட்டினார், இன்னொன்றைத் தட்டினார், அபியின் கோடுகளைப் பார்த்தார். பிறகு சொன்னதை அபி எனக்குச் சொன்னாள்: "நான் வேலைக்கு வந்த புதிதில் ஓர் அபூர்வ வௌவாலைக் கண்டுபிடித்தேன். அது என் மழைக்கோட்டின் ஜிப்."

அதற்குப் பிறகுதான் சிரித்தார். நான் சண்டைக்குத் தயாராக வைத்திருந்த மூச்சை விட்டேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். சாவிச் சத்தம் இருந்த நாட்களில் வௌவால்கள் என்ன செய்தன? அபி அதை அந்தக் கோணத்தில் பார்த்திருக்கவில்லை. இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நான் நின்ற சாயங்காலங்களில், நான் போன பிறகுதான் அவை வெளியே வந்திருக்கின்றன. கோயிலுக்குப் போன அன்று மட்டும் சீக்கிரம். ஒரே ஒரு நாளை வைத்து எதுவும் சொல்லமுடியாது, ஆனால் உள்ளே இருந்துகொண்டு வெளியாள் சத்தத்தை அவை கேட்கின்றனவா என்பது நல்ல கேள்வி என்றார் ஹெலன். அடுத்த கோடை முடியும்வரை நீட்டிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றும் சொன்னார். "புதுச் சத்தம் யார் வேண்டுமானாலும் கொண்டுவருவார்கள். இது என் அத்தையின் சாவி என்று கொண்டுவந்து வைக்கிறவள் பதிவு செய்ததை நான் நம்பலாம்."

அபி அதை எனக்கு இரண்டு தடவை மொழிபெயர்த்தாள். வெளியே வந்து அங்கேயே ஒரு கடையில் 'பை' என்கிற இறைச்சி அடைத்த பலகாரம் ஒன்றை வாங்கி முழுதாகத் தின்றாள். நான் தம்பிக்குப் போன் போட்டு, "உன் மக வரமாட்டா, போய் வேற வேலையைப் பாரு" என்றேன்.

மிச்ச நாட்களில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு சாயங்காலம் சாவியோடு மரத்தடி, ஒரு சாயங்காலம் சாவி இல்லாமல். சம்பளம் சொதி. சாவி இல்லாத முதல் நாள்தான் அவற்றைப் பார்த்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவி விழுந்து, விழும்போதே பறந்தன. அபியின் கருவி டிக் டிக் என்றது. திடீரென்று டிக்கெல்லாம் நெருங்கி, துணி கிழிவது போல ஒரு சத்தம். ஓடைக்கு மேலே இரண்டு மூன்று நிழல்கள் அந்தப் பக்கம் திரும்பின.

"ஷட்டர்" என்றேன்.

"ஷட்டர்" என்றாள் அபி.

கிளம்பும்போது கொத்தைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பூட்டே இல்லாத சாவிகள். ஜெனரேட்டர் அறையை இடித்தே எத்தனையோ வருடமாகிறது. வேண்டியதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றதை வளையத்தோடு அபியிடம் கொடுத்தேன். டப்பா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு மரத்திலும் முதலில் சாவியைத் தட்டிவிட்டுத்தான் இனிப் பதிவாம். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோடுகள். "எல்லா மரத்திலும் முதல் ஆள் நீங்கதான் அத்தை" என்று எழுதியிருந்தாள்.

வந்த அன்றே மண்டபத்துக்குப் போனேன். மதியப் பந்தி முடிந்த நேரம். இடுப்பு லேசாக இருந்தது, நடை என்னவோ போல இருந்தது. யாரும் திரும்பவில்லை. சமையற்கட்டு வாசல் வரை போய்விட்டேன். உள்ளே சமையல்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, செல்வம் நடுவில் நின்றான். இடுப்பில் கரண்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொரு கரண்டியாகத் தட்டி, "அண்டா உள்ள போயிருச்சா? ஏசியை அமத்துனியா, இல்ல நீ படுத்திருக்கியா?" என்று என் குரலில் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான். நிறுத்தம்கூடச் சரியாக இருந்தது.

நான் வந்த வழியே திரும்பினேன். கேட் வரை போய், பூட்டைப் பிடித்து இரும்புக் கதவில் இரண்டு தடவை ஓங்கித் தட்டினேன். பிறகு மெதுவாக உள்ளே நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆளுக்கொரு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் கையில் துடைப்பம் இருந்தது. இடுப்பில் ஒரு கரண்டியை மட்டும் அவிழ்க்க மறந்திருந்தான்.